அறுபத்து மூன்று காகிதச் செருப்புகளுக்கு என் பெயரை இடக் கோருதல்

அனுப்புநர்:
உ. ஆறுமுகநயினார் (வயது 54),
மேலத் தெரு, குத்துக்கல்வலசை,
தென்காசி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: குற்றாலம் கண்காட்சியில் என் கைவேலையிலிருந்து என் பெயரை நீக்கிய திரு. லிங்கேஸ்வரன் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன். ஒரே முறை படித்தவர்களை விட எனக்குப் பாடம் கூடவே தெரியும். குற்றாலத்தில் இருபத்தாறு வருடம் சீசன் கடை போட்டுச் செருப்பு விற்றேன். அருவிக்கரையில் செருப்பைத் தொலைத்து வெறுங்காலோடு வந்த நீதிபதிகள், டாக்டர்கள், ஒரு கவர்னர் (கவர்னர் மாதிரி இருந்தார்) அனைவரும் என் கடையில்தான் கால் நீட்டினார்கள். தேய்ந்த செருப்பைப் பார்த்தே ஆளின் நடையைச் சொல்லிவிடுவேன்.

2. கடை இடத் தகராறில் மூன்று பேர் அரிவாளோடு என்னை வெட்ட வந்தார்கள். வந்தவர் ஒருவர்தான், அதுவும் வெறுங்கையோடு என்று தீர்ப்பில் இருக்கிறது. தாங்கள் தீர்ப்பையே வைத்துக்கொள்ளலாம். பந்தல் கம்பியால் நான் அடித்தது உண்மை. இரண்டரை வருடத் தண்டனையை முடித்து, சென்ற மாதம் 30ஆம் தேதி வெளியே வந்தேன். அது குறித்து எனக்குப் புகார் இல்லை.

3. சிறையில் ஒரு தன்னார்வ அமைப்பு பன்னிரண்டு வாரம் வகுப்பு நடத்தியது. ஜெர்மனியில் நாஜிக்கள் ஆண்டபோது அறுபது லட்சம் யூத மக்களைக் கொன்றதைப் பற்றிய வகுப்பு. பாடம் எடுத்தவர் செல்வி நிவேதா. கொலை செய்யப்பட்டவர்களின் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்த படத்தை அவர் காட்டினார். ஒரு வதை முகாமில் மனிதர்களின் கையில் எண்ணைப் பச்சை குத்தியதையும் சொன்னார். "மொதல்ல பேரை எடுத்தாங்க அண்ணாச்சி, அப்புறந்தான் உயிரை" என்றார். அன்று எங்கள் கொட்டடியில் யாரும் சீட்டு விளையாடவில்லை.

4. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, அரைத்து, அந்தக் கூழில் நான் செருப்பு செய்தேன். குதிகால் மிதிபட்டது, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தவருடையது, அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த சின்னப்பிள்ளையுடையது என்று மொத்தம் அறுபத்து மூன்று. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. நாயன்மார் கணக்குக்காக அல்ல. கூழ் அவ்வளவுதான் இருந்தது. கண்காட்சியில் பெயரைப் போடலாமா என்று கேட்டு அமைப்பு கொடுத்த படிவத்தில் 'போடலாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டேன் (நகல் இணைப்பு).

5. சாரல் விழாவை ஒட்டிக் குற்றாலத்தில் ஒரு தனியார் மண்டபத்தில் அவை வைக்கப்பட்டன. அட்டையில் இருந்தது இதுதான்: 'கைதி எண் 2217. கருத்தாக்கம்: லிங்கேஸ்வரன்.' அமைப்பின் ஒருங்கிணைப்பாளரான இவர் கூழில் ஒரு விரல் வைத்தவரல்ல. அந்த மக்கள் பட்டதும் நான் பட்டதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய பொய்யை நானே சொல்ல மாட்டேன். எனக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தது, ஞாயிற்றுக்கிழமை கோழியும் வந்தது. ஆனால் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு அதே பாடத்தின் மேல் எண்ணை ஒட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

6. என் ஒரே மகள் இசக்கிசெல்வி. வீரகேரளம்புதூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான் உள்ளே போனபின் ஒருமுறைதான் மனு போட்டுப் பார்க்க வந்தாள். அவளுக்குக் கடிதம் எழுதினேன். ஆயிரம் செருப்பு, மண்டபம் கொள்ளாது, வாசலில் என் பெயர் என்று எழுதிவிட்டேன். அவள் முதல்முறையாக என்னைப் பெருமையாகச் சொல்லி, மாமியார் ரெங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஆயிரத்தையும் காணவில்லை, பெயரையும் காணவில்லை. அங்கிருந்த பணியாளரிடம் கேட்டதற்கு, "பேரெல்லாம் இல்லம்மா, இது லிங்கேஸ்வரன் சாரோடது" என்றாராம். ரெங்கம்மாள் அத்தனை பேர் முன்னால், "ஒங்கப்பாரு செயிலுக்குள்ள இருந்தும் கதைதான் விடுதாரு" என்று சிரித்தாராம். அன்றிலிருந்து மகள் என் போனை எடுப்பதில்லை. ஆயிரம் என்றது என் குற்றம். பெயர் இல்லாதது என் குற்றமல்ல.

7. திரு. லிங்கேஸ்வரனிடம் நேரில் போய்க் கேட்டேன். "ரூல்ஸ் அப்படித்தான் அண்ணாச்சி, ஒங்க பாதுகாப்புக்குத்தான சொல்லுதோம்" என்றார். "ஏம்வே, உம்ம பேருக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்டேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனவே வாசல் பேனரில் இருந்த அவருடைய பெயரின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 'நபர் எண் 1' என்று எழுதிவைத்தேன். இதற்காக அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளார். ஒட்டியது நான்தான். பசை நல்ல பசை.

8. ஆகையால் நான் கேட்பவை:

(அ) கண்காட்சி 22ஆம் தேதி மதுரைக்குப் போகுமுன் என் முழுப் பெயரும் அட்டையில் ஏற வேண்டும். திரு. லிங்கேஸ்வரனே, பார்வையாளர்கள் முன்னிலையில், தன் கையால் எழுத வேண்டும்.

(ஆ) அன்று முழுவதும் அவர் கழுத்தில் 'எண் 1' அட்டை தொங்க வேண்டும். டீ கொடுப்பவரும் எண்ணைச் சொல்லியே கூப்பிட வேண்டும். ஒரு நாள் போதும். கன்னத்தில் அறைய அனுமதி கேட்கவில்லை, ஆசை உண்டு.

செருப்புகளைத் திருப்பி வாங்கி மெயின் அருவியில் போட்டுவிடலாம், காகிதம்தானே, ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும், அவருக்கும் பெயர் மிஞ்சாது என்றும் நினைத்தேன். ஒரு பையோடு மண்டப வாசல்வரை போயும் விட்டேன். அந்தச் சின்னப்பிள்ளைச் செருப்பைப் பார்த்ததும் கை வரவில்லை. செய்தது நான் என்றாலும் அவை செத்தவர்களுடையவை.

(இ) தங்கள் உத்தரவின் நகலை எனக்கு அனுப்ப வேண்டாம். மகளுக்கு, அலுவலக முத்திரையோடு, பதிவுத் தபாலில் அனுப்பவும் (முகவரி இணைப்பு). அந்த வீட்டில் யாருக்குத் தபால் வந்தாலும் பிரித்துச் சத்தமாக வாசிப்பவர் ரெங்கம்மாள். அவரே பிரிக்கட்டும். அவரே வாசிக்கட்டும். என் மகள் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

இதைச் செய்து தருமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இடம்: தென்காசி
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
உ. ஆறுமுகநயினார்

இணைப்பு: படிவ நகல், அட்டையின் புகைப்படம், மகளின் முகவரி.