வெள்ளிக்கிழமை வேலை

கண்டக்குழி
03.05.2013

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் றுஷ்னாவும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு.

போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். மூன்று வருஷ எக்ரிமன்ட் ஜூலையோடு முடிகிறது. வருவீர்களா, இல்லை இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்களா? வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அன்றைக்குத்தான் உங்கள் போன் வேலை செய்வதில்லை. அங்கே வேறு யாரும் இருக்கிறார்களா? கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஹவ்வா


தோஹா
19.05.2013

அன்புள்ள ஹவ்வா,

வஅலைக்கும் ஸலாம். வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் இறந்துபோனவர்களின் மையித்துக் குளிப்பாட்டப் போகிறேன். நீ பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை.

இங்கே வந்து இரண்டு வருஷம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. எழும்பினேன், ஓட்டினேன், படுத்தேன். செவ்வாயா புதனா என்றுகூடத் தெரியாது. போன நோன்புக்கு முன்னால் பள்ளிவாசலில் ஒருவர், "ஜனாஸா ஒண்டு இருக்கு, குளிப்பாட்ட ஆள் காணாது, வாறீங்களா?" என்று கேட்டார். போனேன். தனியாக வந்து தனியாகவே மௌத்தாகிறவர்கள் இங்கே பலர். நாங்கள் நாலு பேர். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். நகத்துக்குள் சிமெந்து இருக்கும், மெதுவாக எடுப்போம்.

போன மாதம் மதுரங்குளி ஆள் ஒருவர், பெயர் முனாஸ். நித்திரையிலேயே போய்விட்டார். எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் தலைமாட்டில் நான் நின்றேன். இங்கேயே அடக்கினோம்.

இந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, பவுசர் ஓட்டும்போது தெருவில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். சோறு ருசிக்கிறது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கையெழுத்துப் போட மனம் இருக்கிறது. நீ வேண்டாமென்றால் வந்துவிடுகிறேன்.

மஸாஹிர்


கண்டக்குழி
14.06.2013

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்ததும் பாலாவியில் பஸ் மாறி மதுரங்குளிக்குப் போனேன். விசாரித்து முனாஸின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மனைவி பெயர் மர்ளியா. புருஷன் மௌத்தானதால் இத்தாவில் இருக்கிறா, நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமுடியாது.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நகத்தைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னா.

"அவர்ட மொகத்தப் பார்த்த ஆளா ஒங்கட மாப்புள?"

"ஓம்."

"நானும் பார்க்கல்ல, புள்ளைகளும் பார்க்கல்ல. ஆராவது பார்த்தாங்களே. அது போதும்."

என் கையை அவ விடவில்லை. பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் மீது கோபம்தான் வந்தது. மர்ளியாவுக்கு நீங்கள் செய்தது பெரிய காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் என் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். அவர் முகத்தை நானும் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடுங்கள். இரண்டு வருஷத்துக்கு இல்லை, ஒரு வருஷத்துக்கு. அதற்குள் வெள்ளிக்கிழமைகளில் உங்கள் இடத்தில் நிற்க யாரையாவது பழக்குங்கள். அது முடிந்ததும் நீங்களாகவே வரவேண்டும், வாருங்கள் என்று நான் கேட்டு எழுதமாட்டேன்.

நேற்று மறுபடியும் மதுரங்குளிக்குப் போனேன். மர்ளியா தலை வாராமல் இருந்தா. நான் வாரிப் பின்னிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வியாழனும் போவேன்.

ஹவ்வா