மயில் மீன் கிடைத்த அன்றைக்கு

கடலூர் முதுநகர்
23.3.2025, ஞாயிறு

அன்பு மகள் நித்யா மேரிக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு வேறொன்றும் இல்லை, எனக்கும் இல்லை. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். உன் சிநேகிதி ரீட்டாவுக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்தது, அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெயில் இப்போதே ஜாஸ்தி. அம்மா மூன்று நாளாகப் போனில் சரியாகப் பேசுவதில்லை, இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று கேட்டிருந்தாய். சண்டை இல்லை நித்யா. நான் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். நித்யாவுக்கும் நீங்களே சொல்லிடுங்க, என் வாயால சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போனில் ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எதிர்வீட்டு ஜெனித் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

பிப்ரவரி மாதம் நானும் ஆண்ட்ரூ மாமாவும் பிடித்த மயில் மீனின் போட்டோவை நீ ஸ்டேட்டஸில் வைத்தாய். உன்னோடு வேலை செய்யும் நர்ஸுகள் எல்லாரும் இது உங்க அப்பாவா என்று கேட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். மாமா மட்டும் ஏன் உம்மென்று நிற்கிறார் என்றும் கேட்டாய். களைப்பு என்று பொய் சொன்னேன். அந்தப் போட்டோவை நீ வேறு எங்காவது வைத்திருந்தால் எடுத்துவிடு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விடியும்போதே தூரக் கடலுக்கு வந்துவிட்டோம், கரை தெரியவில்லை. உயிரோடு இருந்த காணாங்கெளுத்தியைத் தூண்டிலில் கோத்து விட்டிருந்தேன். எட்டரை மணி இருக்கும், கயிறு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரத்தில் மீன் தண்ணீரை விட்டு எகிறியது. முதுகுத் துடுப்பு தோகை மாதிரி விரிந்து, நீலமாகப் பளபளத்தது. நாற்பது வருஷக் கடலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆளைவிட நீளம், அறுபத்திரண்டு கிலோ என்று கரையில்தான் தெரிந்தது. இழுப்பேன், அது ஓடும், விட்டுப் பிடிப்பேன், மறுபடி ஓடும். கையில் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம். அது அறுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை. ஆண்ட்ரூ மிசினைப் பிடித்துக்கொண்டு மீன் போகும் பக்கமெல்லாம் போட்டைத் திருப்பிக் கொடுத்தான். அப்போதுதான் அவன், "மாமா, தெக்கால ஒரு போட்டு துணி ஆட்டுது பாரு" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு பைபர் போட்டு. துடுப்பில் நீலத் துணியைக் கட்டி யாரோ ஆட்டிக்கொண்டிருந்தான். "வலை கெடக்குது, இந்தப் பக்கம் வராதன்னு காட்டுறான். நீ மிசினப் பாரு" என்றேன். வலைக்காகக் காட்டுகிறவனும் உண்டு நித்யா, அது பொய் இல்லை. ஆனால் அவன் இரண்டு தடவை காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். இவன் நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆண்ட்ரூ மறுபடியும், "இன்னும் ஆட்டுறாங்க மாமா, போய்த்தான் பாத்துட்டு வந்துடலாமே" என்றான். போவதென்றால் கயிற்றை அறுத்துவிட வேண்டும். "வாய மூடிக்கிட்டு மிசினப் புடிடா" என்று கத்தினேன். அக்கா புருஷன் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவன், இருபது வருஷமாக என்னோடு வருகிறவன், பேசாமல் பிடித்தான். மூன்றாவது தடவை நானாகவே திரும்பிப் பார்த்தேன். துணி ஆடிக்கொண்டுதான் இருந்தது. பார்த்துவிட்டு மறுபடி மீனைப் பார்த்தேன்.

மீனைப் போட்டுக்குள் ஏற்றும்போது பத்து மணிக்கு மேல். ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் தெற்கே ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். ஆண்ட்ரூ அந்தப் பக்கம் போட்டைத் திருப்பினான். மிசின் கிளம்பியிருக்கும், போயிருப்பானுங்க, வெயிலில் மீன் கெட்டுவிடும் என்று சொல்லி நான்தான் கரைக்குத் திருப்பச் சொன்னேன். இறங்கினதும் கூட்டம் கூடிவிட்டது, மாலை போடாத குறைதான். அப்போது எடுத்த போட்டோதான் உனக்கு வந்தது.

மறுநாள் சேதி வந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே முடசலோடையிலிருந்து போன ஒரு போட்டு, மிசின் நின்று, அடியில் விரிசல் விட்டு, தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. இரண்டு பேர். அன்பரசு என்பவன் காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, சாயங்காலம் ஒரு புதுச்சேரி போட்டு அவனைத் தூக்கியது. இன்னொருவர் உத்திராபதி, என் வயதுதான். அவர் மூன்றாம் நாள் சாமியார்பேட்டையில் கரை ஒதுங்கினார். இதைக் கேட்டதிலிருந்து ஆண்ட்ரூ போட்டுக்கு வரவில்லை. குடிகாட்டுப் பக்கம் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். அம்மா நாங்கள் வாய்த்தகராறு செய்துகொண்டோம் என்று நினைத்து இரண்டு பக்கமும் சமாதானம் பேசினாள். நான் கோயிலுக்குப் போனேன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன், என் முறை வரும்போது விலகி வந்துவிட்டேன். முதலில் சொல்ல வேண்டியது சாமியாரிடம் இல்லை என்று பட்டது.

பதினாறாம் நாள் காரியத்தன்று சிதம்பரம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து முடசலோடை போனேன். அம்மாவிடம் வலை வாங்கப் போவதாகச் சொன்னேன். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், யாரோ கடல்காரர் என்று என்னையும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். அங்கே ஒருவர், பக்கத்தில் ஒரு போட்டு இருந்துச்சாமே, பாத்துட்டே போயிருக்கானுங்க, வெளங்குவானுங்களா என்று ஏசினார். உத்திராபதியின் மனைவி பெயர் அமிர்தம். அந்த அம்மாள்தான் அவரை அடக்கினாள். "அப்புடிச் சொல்லாதீங்க. பாத்திருந்தா வந்திருப்பாங்க. அவுங்களும் கடலுக்குப் போறவுங்கதானே" என்றாள். அவளும் என்னைத் திட்டியிருந்தால் குடித்த டீயோடு எழுந்து வந்திருப்பேனோ என்னவோ. அவள் எனக்காகப் பேசியதும் இருக்க முடியவில்லை. எழுந்து நின்று, "அந்தப் போட்டு என்னுதும்மா. நான் பாத்தேன்" என்றேன்.

அன்பரசு அடிக்க வந்தான், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் அழவில்லை, கத்தவில்லை. எவ்வளவு நேரம் ஆட்டினார் என்று கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன். கூப்பிட்டாரா, சத்தம் கேட்டதா என்றாள். கேட்கவில்லை, காற்று அந்தப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கயிறு அறுத்த காயம் ஆறாமல் இருந்தது. "மீனு கெடச்சுதா?" என்றாள். "கெடச்சுது" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போலீசில் சொல்வார்கள், வந்து அடிப்பார்கள் என்று பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. போன திங்கட்கிழமை அன்பரசு போன் செய்தான். "அமிர்தம் அக்கா அந்த எடத்தப் பாக்கணும்னு சொல்லுது. நாங்க எங்க இருந்தோம்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியும். நல்ல இடம், மறுபடி வரலாம் என்று மீன் மாட்டின உடனே ஜி.பி.எஸ்.ஸில் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். இதையும் அவனிடம் சொன்னேன். ஆண்ட்ரூவிடம் போய்ச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேலாக என் முகத்தைப் பார்க்காதவன், "நான் வந்து மிசின் புடிக்கிறேன் மாமா, நீ தனியாப் போவாத" என்றான்.

வியாழக்கிழமை காலையில் போனோம். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் போட்டில் ஏறுவதில்லையாம், சொந்தக்காரர்கள் தடுத்தும் அந்த அம்மாள் கேட்கவில்லை. அன்பரசும் வந்தான். குறித்த இடம் வந்ததும் மிசினை நிறுத்தச் சொல்லி, இங்கே நாங்கள் இருந்தோம், அங்கே அவர்கள் இருந்தார்கள் என்று தெற்கே கை காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்தாள். "அங்க வுடுங்க" என்றாள். ஆண்ட்ரூ மிசினைப் போட்டான். நான் வாட்சைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏழு நிமிஷம் ஆனது. ஏழே நிமிஷம் நித்யா. அந்த அம்மாளிடம் வாட்ச் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. சொம்பில் கொண்டுவந்த பாலை ஊற்றினாள், சாமந்தியைப் போட்டாள், பூ எங்கள் போட்டை ஒட்டியே கொஞ்ச தூரம் வந்தது. கரையில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். அவள் அன்பரசின் கையைப் பிடித்து இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம்தான் உன் அம்மாவிடம் சொன்னேன்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று பிறர் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். இதைப் படித்து உனக்கு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் பேச வேண்டாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அம்மாவிடம் மட்டும் தினமும் பேசு, அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள், நீ அதட்டினால்தான் கேட்பாள். ஆண்ட்ரூ மாமாவுக்கும் ஒரு போன் போடு. அவன் இரண்டு தடவை சொன்னான் என்பதை நீ தெரிந்துகொண்டாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், அந்த உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது என்று நம்பி.

இப்படிக்கு
உன் அப்பா
சவரிராயன்