ராசுவின் மூச்சு

சந்தவாசல்
12-8-1984

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

உன் மகள் வெள்ளையம்மாள் நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இதை முதலில் எழுதாவிட்டால் நீ மீதியைப் படிக்கமாட்டாய் என்று தெரியும்.

எங்கள் பிள்ளைகள் இல்லத்தில் நீங்கள் அவளை விட்டுப்போன வாரம் அவள் செய்த ரகளையை இப்போது சொல்லலாம். இரண்டு தட்டு, ஒரு பல்பு, என் கட்டைவிரல். ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ! நேற்றுச் சொல்லிக்கொடுத்த 'அ' இன்று அவளுக்குப் புதிது. டீச்சரானாலும் நானும் மனுஷிதானே, ஒருநாள் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

அவளை வழிக்குக் கொண்டுவந்தது நானில்லை, ராசு. எச்சில் இலைக்கு வந்து எங்களோடு ஒட்டிக்கொண்ட நாய். ஒருநாள் கத்தி ஓய்ந்து அதன் வயிற்றில் தலைவைத்துப் படுத்துவிட்டாள். அது அசையவே இல்லை. "அக்கா, ராசு மூச்சு வுடுது. என் தல மேல போவுது, கீழ வருது" என்றாள். இப்போது தினமும் காலையில் என் பழைய சீப்பால் அதைச் சீவிவிடுகிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது, நான் எண்ணினேன், என்றைக்கும் பதினோரு தடவை. பிறகுதான் சிலேட்டைத் தொடுவாள். 'அ' வந்துவிட்டது, பாஞ்சாலி! மூன்று நாளாக மறக்கவில்லை.

மெட்ராஸ் டாக்டர் வந்திருந்தார். வெளிநாட்டிலும் இப்படிப் பிள்ளைகளை நாயோடு பழக்கிப் பார்க்கிறார்களாம். அவளுடைய மெல்லிய மேலுதட்டையும் சின்னக் கண்களையும் உற்றுப் பார்த்துவிட்டு, வயிற்றில் இருந்தபோது தாய் சாராயம் குடித்தாளா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சம்பூர்ணம்

புதூர்நாடு
2-9-1984

மதிப்புக்குரிய சம்பூர்ணம் அக்காவுக்குப் பாஞ்சாலியின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது, இருந்தும் ஒளித்தேன்.

குடித்தேன், அக்கா. எங்கள் மலையில் எதிலும் முதல் பங்கு பிள்ளைத்தாச்சிக்கு. தேன் எடுத்தால் முதல் அடை, பலா அறுத்தால் முதல் சுளை, சாராயம் காய்ச்சினால் முதல் வடி. "மொத வடி உனக்குத்தான் புள்ள. குடி, வாந்தி நிக்கும்" என்று அவரே ஊற்றித் தருவார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு என்று தாங்கினார். என் நாத்தனாரும்தான் குடித்தாள். அவள் பிள்ளைகள் புளியமரத்தில் தாவுகின்றன.

அதனாலா என் பிள்ளை இப்படி? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். இவர் இன்னும், "எவ கண்ணு பட்டுச்சோ" என்று கோயில் கோயிலாகக் கோழி நேர்ந்துகொண்டிருக்கிறார். இவரிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?

பொங்கலுக்கு அவளை அனுப்புங்கள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாஞ்சாலி

சந்தவாசல்
20-9-1984

அன்புள்ள பாஞ்சாலி,

அதனால்தான். நீ கேட்டபடி சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன், எழுதிவிட்டு அழுதேன். சாராயம் ஒரு பிள்ளையைத் தொடும், இன்னொன்றை விட்டுவிடுமாம். ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை. உனக்கு யார் சொன்னார்கள், நீ தெரிந்துகொள்ள? உன்னையே தின்றுகொண்டிருக்காதே.

இதற்கு மருந்து கிடையாது. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ராசு, அவ்வளவுதான். இடம் மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும், பொங்கலுக்கு அனுப்பாதீர்கள் என்கிறார். பெற்றவளிடம் நான் எப்படி மாட்டேன் என்பது? உன் வீட்டுக்காரரை வந்து கூட்டிப்போகச் சொல்.

சம்பூர்ணம்

புதூர்நாடு
19-1-1985

அக்காவுக்கு,

பிள்ளை வந்தாள். முதல் நாள் என் முந்தானையை விடவில்லை. இரண்டாம் நாளிலிருந்து, "ராசு எங்க?" அழுகை, தலையைச் சுவரில் மோதல். இவர் பக்கத்து வீட்டு அர்ச்சுனனிடமிருந்து ஒரு குட்டி நாயைத் தூக்கி வந்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ராசு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'அ' போய்விட்டது, அக்கா. கையைப் பிடித்து எழுதவைத்தாலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறோம். ராசுவிடம் சொல்லிவையுங்கள்.

பாஞ்சாலி

சந்தவாசல்
23-1-1985

பாஞ்சாலி,

வெள்ளிக்கிழமை வராதீர்கள். இந்தக் கடிதம் அதற்குள் கிடைக்கவேண்டுமே என்று பதறுகிறேன்.

வெள்ளை பொங்கலுக்குக் கிளம்பிய அன்று, அவள் பின்னாலேயே பஸ்ஸில் ஏறப் பார்த்த ராசுவைக் கண்டக்டர் காலால் தள்ளினான். மறுநாளிலிருந்து அதே நேரத்துக்கு அது ரோட்டில் போய் உட்கார்ந்தது. கட்டிப்போட்டேன், கயிற்றைக் கடித்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு லாரி. நான் ஓடிப்போய் வயிற்றில் கைவைத்தேன். மூச்சு இல்லை.

டாக்டர் பேச்சைக் கேட்காமல் நான்தான் அனுப்பினேன். இரக்கப்பட்டுத்தான் அனுப்பினேன், அந்த இரக்கத்தில் இடி விழ. முதலில் நீயே அவளிடம் பக்குவமாகச் சொல், பிறகு கூட்டி வா. எனக்குச் சொல்லத் தைரியமில்லை.

சம்பூர்ணம்

புதூர்நாடு
11-2-1985

சம்பூர்ணம் அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை ஒளிக்கவில்லை. அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் இரக்கப்பட்டு அனுப்பினேன் என்று எழுதிய இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. பானைக்குள் இருந்த மற்ற இரண்டையும் எடுத்து வாசித்துவிட்டேன். "என் கையாலயா?" என்றார். இராத்திரி பாயில் படுத்த பிறகு, "என் கையாலயா ஊத்தினேன்?" என்று மறுபடியும் அதையே கேட்டார்.

மறுநாள் காலை வெள்ளை அங்கிருந்து கொண்டுவந்த உங்கள் சீப்பை எடுத்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முன்னால் தரையில் படுத்துக்கொண்டார். "நான்தான் கண்ணு ராசு. சீவு." அவர் தலையைச் சீவினாள். நானும் எண்ணினேன், எட்டு வந்தது. பிறகு அவர் வயிற்றில் தலைவைத்தாள். உடனே எழுந்துவிட்டாள். "அப்பா வயிறு குலுங்குது. ராசு குலுங்காது" என்றாள். அவர் அழுதுகொண்டிருந்தார், அக்கா. அடக்கப் பார்த்தும் அவரால் முடியவில்லை.

ராசு இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் மறக்கிறாளே, இதையும் மறந்துவிடட்டும் என்று காத்திருக்கிறேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா? 'அ' மறந்துபோச்சு, என் நாத்தனார் பெயர் மறந்துபோச்சு, ராசு மட்டும் போகவில்லை. தினமும் சீப்போடு, கீழே போகும் ஜீப் வரும் ரோட்டுக்குப் போய் நிற்கிறாள்.

"எப்பம்மா ராசுகிட்ட போறோம்?" என்பாள். "நாளைக்குடி" என்பேன். நேற்றும் இதையேதான் சொன்னேன் என்பது அவளுக்கு நினைவில்லை. சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு நாளும் நம்புகிறாள், அக்கா.

பாஞ்சாலி