கோபுரம் தெரிகிற வளைவு

ஞாயிறு, இரவு.

முழங்கை இன்னும் எரிகிறது. நாளை மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட். தேறிவிட்டால் ஆபீஸ் போக யாரையும் கெஞ்ச வேண்டாம். ஸ்ரீரங்கத்து மைதானத்தில் பைக்கில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வளைவில் ராஜகோபுரம் தெரிந்ததும் ஹேண்டிலை விட்டுவிட்டுக் கை கன்னத்துக்குப் போய்விட்டது. விழுந்தேன். இத்தனை வருஷம் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து போன பழக்கம்!

"பெருமாள் எங்கயும் போயிட மாட்டாருங்க. முதல்ல ஹேண்டிலப் பிடிங்க," என்றாள் சொல்லிக்கொடுக்கிற பெண்.

கடுப்போடு மறுபடி ஏறினேன். அதே வளைவு, அதே கோபுரம். கை அசையவில்லை, வாய் மட்டும் "ரங்கா" என்றது. காலை ஊன்றாமல் எட்டை முடித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் ஒரே சிரிப்பு. "லைசென்ஸ் வரட்டும், நான் பின்னாடி உக்காந்து வரேன்," என்றார். வரட்டும். பின்னால் இருப்பவருக்குக் கை சும்மாதானே இருக்கும்? எனக்கும் சேர்த்து அவரே கும்பிடட்டும்.