ஏழு காய்

ஆனைக்கரை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ஜிஸ்மிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா துணையால் இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் வலது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, அது மழை விட்டால்தான் சொன்னபடி கேட்கும். அயர்லாந்துக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உன்னை வைக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கோபமாகப் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய், கடிதத்தில் அது முடியாது, அதற்குத்தான். பக்கத்து வீட்டு ஜின்சன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், இதையும் அரைக்கிலோ ஏலக்காயையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். காயைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வை, பிளாஸ்டிக் டப்பாவில் போடாதே.

என் ஏலக்காய்ப் பாக்கெட்டுக்கு நீ அனுப்பிய லோகோ வந்தது. கம்ப்யூட்டரிடம் சொன்னேன், அரை நிமிஷத்தில் வரைந்து தந்தது என்று எழுதியிருந்தாய். அரை நிமிஷ வேலை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஏன் மகளே, ஏலக்காய் மாங்காய் மாதிரி உச்சியில் இலைக்கு நடுவிலா தொங்கும்? செடியின் காலடியில் மண்ணோடு கிடக்கிற சரத்தில்தான் காய்க்கும் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், ஆனைக்கரையில் பிறந்த உனக்குமா மறந்துபோயிற்று? குனிந்தும் குந்தியும் காய் எடுத்த என் இடுப்பைக் கேட்டால் அது சொல்லும். அப்புறம் அந்தக் கிளிப்பச்சை நிறம். இங்கே அந்த நிறத்தில் காயைப் பார்த்தால் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், சாயம் ஏற்றின காய் என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், நல்லாத்தான இருக்கு பிலோமி, பாவக்காயா விக்கப்போற என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஒரு ஆள் செய்கிற வியாபாரத்துக்கு லோகோ எதற்கு என்று முதலில் கேட்டவளே நான்தான். காயை வாங்குவதும் நான், தரம் பிரிப்பதும் நான், பாக்கெட்டில் போட்டு ஒட்டுவதும் நான். ஆனால் போடிமெட்டில் வண்டிகள் நிற்கிற இடத்துக் கடைக்காரர், வாசலிலேயே தொங்கவிடுகிறேன், ஆனா ஒரு அடையாளம் வேணும்க்கா, மொட்டைப் பாக்கெட்டை எவன் எடுப்பான் என்றார். வருகிற மாதம் முதல் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். அந்த வாசலில் ஏற்கெனவே யாருடைய பாக்கெட் தொங்குகிறது தெரியுமா? என் பழைய முதலாளி ஷைஜுவுடையது. கேட்டதுமே எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த தெம்பு இல்லை, உன்னிடம் மறைப்பானேன். அடையாளம்தானே வேண்டும், ஒன்பது வருஷமாக இந்த ஊர் எனக்கு ஒரு அடையாளம் போட்டுத்தானே வைத்திருக்கிறது, அதையே போட்டால் என்ன என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீ அப்போது போடியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், பாதிக் கதைதான் உன் காதுக்கு வந்திருக்கும். முழுதும் கேட்டுக்கொள். ஷைஜுவின் அப்பா வேதமுத்து முதலாளி இருந்த காலத்தில் நான் வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்குகிற நாற்பது பெண்களும், சாயங்காலம் தரையைப் பெருக்கும்போது உதிர்ந்து வாய் பிளந்து கிடக்கிற காயில் நாலைந்து எடுத்துத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொள்வோம், வீட்டில் சாயாவுக்கு. கீழ விழுந்தது பொம்பளைகளுக்கு என்று அவரே சொல்லுவார். அவர் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு சனிக்கிழமை மகன்காரன் வாசலை மறித்து நின்றான். வழக்கம் மாறிவிட்டது என்று ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டான், ஏனென்றால் முந்தின நாள்தான் சாயம் ஏற்றின காயை நல்ல காயோடு கலக்க மாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். என் தூக்குச்சட்டியைப் பிடுங்கி சிமெண்டுத் தரையில் கவிழ்த்தான். மிச்சம் இருந்த கப்பைக் கிழங்கு, மத்தி முள், ஏழு காய். முள்ளை விலக்கி விலக்கி ஒவ்வொரு காயாகக் காலால் தள்ளி, சத்தமாக எண்ணினான், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. இன்னைக்கு ஏழு காய்னா இத்தன வருசத்துல எத்தன மூட போயிருக்கும் என்று கேட்டான். மற்றவர்களின் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. மற்ற முப்பத்தொன்பது பேர் தூக்கிலும் காய் இருந்தது, முப்பத்தொன்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷ வேலை அன்றோடு போயிற்று. ரேஷன் கடையில், கோயில் திருவிழாவில், எங்கே போனாலும் ஏழுகாய் பிலோமி என்று பெயர் ஆனது.

ஆகவே உன் கம்ப்யூட்டர் படத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நானே இறங்கினேன். ஷிஜியின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஏழு காயை எண்ணி அந்தக் கண்ணாடி மேலே வைத்து ஒரு காப்பி எடுக்கச் சொன்னேன். ஆறு முழுக் காய், ஒன்று வாய் பிளந்து உள்ளே கருப்பு விதை தெரிகிற காய். ஷிஜி என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், ஆனாலும் அச்சாக விழுந்தது, காயில் இருக்கிற கோடுகூடத் தெரிகிறது. அந்தக் காப்பியை இதோடு வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு காப்பி எடுக்க வந்திருந்த ராசம்மாள், ஸ்டோரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், அதை எட்டிப் பார்த்தாள், விரலை வைத்து எண்ணினாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கார்டைக்கூட மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். போனவள் சும்மா இருப்பவளா? இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இன்று பூசையில் பாதர் மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம்தான், ஆனால் பாதி நேரம் என் பாக்கெட்டை அவன் பாக்கெட்டுக்கு மேலே தொங்கவிடச் சொல்வதா பக்கத்தில் தொங்கவிடச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடிந்து வெளியே வந்தால் படிக்கட்டில் ஷைஜு நிற்கிறான். அன்றைக்கு வெறும் பிலோமி, இன்றைக்கு பிலோமி அக்கா. பக்கத்தில் வந்து குரலைத் தணித்து, அக்கா, அந்தப் படத்துல ஆறு காய் வைங்க, இல்லாட்டி எட்டு வைங்க, ஏழு மட்டும் வேண்டாங்க்கா, அச்சடிக்கிற செலவு பூராவும் நான் பாத்துக்கிடுதேன் என்றான். ஜிஸ்மி, ஒன்பது வருஷம் நான் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன், சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அவனைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு என்று, அவன் எண்ணின அதே மாதிரி, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக. மூன்று சொல்லும்போது எனக்குப் பின்னால் இன்னொரு குரல் சேர்ந்தது, திரும்பினால் ராசம்மாள். ஐந்தில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள், எல்லாம் அன்றைக்கு வாயைத் திறக்காத பெண்கள். ஏழோடு நிறுத்திக்கொண்டோம். அவன் வண்டிச் சாவியைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு போனான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லப்போவதில்லை.

பிளந்த காயைப் போட்டால் சரக்கு மட்டம் என்று நினைக்க மாட்டார்களா என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். நினைக்கிறவன் நினைக்கட்டும், முகர்ந்து பார்த்து வாங்குகிறவன் வாங்கட்டும். நிறம் காய்ந்த காயின் மங்கின பச்சையாக இருக்க வேண்டும், கீழே பிலோமி ஏலக்காய் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும். கம்ப்யூட்டரிடம் கொடுக்கக் கூடாது, இந்தக் காப்பியைப் பார்த்து நீயே உன் கையால் வரைந்து இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஏன் நீதான் வரைய வேண்டும் என்றால், அந்தச் சனிக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல், நெசமாவே எடுத்தியாம்மா என்று கேட்டாய். ஊர் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை, நீயும் திரும்பக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். எடுத்தேன். நாலு எடுப்பதுதான் என் வழக்கம், அன்றைக்கு நீ வருகிறாய் என்று மூன்று கூடுதலாக எடுத்தேன்.

மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். காதை மூடாமல் வெளியே போகாதே. வரைந்து முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணிப் பார்.

உன் அம்மா,
ஏழுகாய் பிலோமி