செல்லக்கனி அம்மாள் தூங்கிய மத்தியானம்

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி அறிவுமதியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு அடக்கமாக இருந்தால் எங்களுக்கு அது போதும். தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன்னோடு வேலை பார்க்கும் படப்பை ஷெர்லின் லீவு முடிந்து இந்த வாரம் அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், அவள் பெட்டியில் வைக்க அம்மா இட்லிப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டிருக்கிறாள், கூடவே இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தம்பிக்கு மறைமலை நகரில் அப்ரன்டிஸ் கிடைத்திருக்கிறது, விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போகிறான், ஹெல்மெட் போடச் சொன்னால் முறைக்கிறான், நீ சொன்னால் கேட்பான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பி நிற்கிறது.

போன வாரம் நீ ஒன்று சொன்னாயே, நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தபோது கண் திறந்தே இருந்தது, கை கால் எதுவும் அசையவில்லை, ஜன்னல் பக்கம் யாரோ நின்றார்கள் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் “சாமி கும்பிட்டுட்டுப் படும்மா” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். எனக்கும் அதுதான் வருகிறது தென்றல். ஆடி மாதத்திலிருந்து வருகிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள், இப்போது நீயே அப்படிச் சொன்ன பிறகு மறைத்து என்ன ஆகப் போகிறது.

நான் ஓட்டிய கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸில் முப்பிடாதி என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிப்ட் பார்த்தாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்று எனக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டில்தான் உட்காருவாள். காலையில் திரும்பும்போது எல்லாப் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போவார்கள், இவள் மட்டும் “அண்ணாச்சி, ஏதாச்சும் பாட்டப் போடுங்க, தூங்குனா வாந்தி வருது” என்பாள். உன் வயதுதான் இருக்கும், அதற்கும் கீழே கூட இருக்கலாம். ஆடியில் ஒரு நாள் காலையில் வழக்கம் போல ஸ்டாப்பில் ஓரம் கட்டி நிறுத்தினேன். பெண்கள் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய் ரோட்டைக் கடந்தாள். லாரி வந்தது. நான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சாப்பாட்டுப் பை என் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. வேறு எதுவும் நான் சொல்லப் போவதில்லை. போலீஸ் வந்து டீக்கடை கேமராவைப் பார்த்தார்கள், உங்கள் வண்டி சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது, நீங்கள் போகலாம் என்றார்கள். நானும் போனேன். அன்று சாயங்காலமே பஸ் எடுத்தேன். அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், குளித்தேன், எல்லாம் செய்தேன், ஆனால் அதையெல்லாம் வேறு யாரோ செய்வது போல இருந்தது. அம்மா அதைப் பார்த்துத்தான் பயந்தாள். “வாய் வுட்டு அழுதுட்டா தேவலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வராத அழுகையை எங்கே போய் வாங்குவது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பகலில் படுத்திருக்கிறேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது, அடுப்படியில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்கிறது, தெருவில் கீரைக்காரர் கூப்பிடுவது கேட்கிறது, அதனால் நான் விழித்துத்தான் இருக்கிறேன். உடம்பு மட்டும் கல்லாகக் கிடக்கிறது. அப்போது கால்மாட்டில் கட்டில் அமுங்கியது. பஸ்ஸில் யாராவது ஏறிச் சீட்டில் உட்கார்ந்தால் பின்னால் லேசாக அமுங்கும், அந்த மாதிரி. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவைக் கூப்பிடப் பார்க்கிறேன், தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. நெஞ்சில் அரிசி மூட்டையை ஏற்றியது போல இருக்கிறது. பிறகு எப்படியோ கால் விரல் அசைந்தது, அவள் இல்லை. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் வந்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை, திரும்பிப் பார்த்ததும் இல்லை. ஆரம்பத்தில் பயந்தேன். போகப் போகப் பயமும் மரத்துப் போனது. வந்திருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் போய்விடுவாள் என்று படுத்திருப்பேன். கூட வண்டி ஓட்டும் மாரிமுத்துவிடம் சொன்னேன். “அது அமுக்குவான் பேய்ணா, இரும்பு எதனா தலமாட்டுல வச்சிக்கினு படு” என்றான். ஸ்பேனரை வைத்துக்கொண்டு படுத்தேன். அம்மா கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டாள். எதுவும் மாறவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறேன், நல்ல வெளிச்சம். ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடு ரோட்டில் ஒரு பெண் நிற்கிறாள். பிரேக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் முன் சீட்டில் போய் இடித்துக்கொண்டார்கள், ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ரோட்டில் யாரும் இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறான். பஸ்ஸுக்குள் ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. உதடு கிழிந்த பெண்தான் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், “முப்பி நின்னாளாண்ணா?” நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பெண், ஹாஸ்டல் ரூமிலும் அவள் படுத்த இடத்தில் படுத்தால் யாரோ அமுக்குகிறார்கள் என்று சொல்லி, சொன்னதற்கே பயந்து நிறுத்திக்கொண்டாள். எல்லோரையும் பத்திரமாக இறக்கிவிட்டேன். நேரே ஷெட்டுக்குப் போய்ச் சூப்பர்வைசர் வசந்தகுமாரிடம் சாவியைக் கொடுத்தேன். இனிமேல் என்னை நம்பிப் பெண்களை ஏற்றாதீர்கள் தம்பி என்றேன். “இன்னாண்ணே, ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா, சரியாப் பூடும்” என்றான். லீவு வேண்டாம், சாவியை வாங்கிக்கொள் என்றேன். இத்தனை வருடம் வைத்திருந்த சாவியைக் கொடுக்கும்போதாவது மனம் கலங்கும் என்று பார்த்தேன். இல்லை.

அம்மா விடவில்லை, ஒரகடத்தில் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உடம்பு தூங்கும்போது மூளை மட்டும் முழித்துக்கொண்டால் இப்படி ஆகும், ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு நிறைய வரும், அந்த நேரத்தில் கனவைக் கண் திறந்தபடி பார்க்கிறோம், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார். ரோட்டில் பார்த்தது கூட, கண் திறந்தபடியே ஒரு நொடி தூங்கியிருப்பீர்கள், வண்டியை விட்டது நல்ல காரியம் என்றார். நர்சம்மாவான உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பிய பிறகும் அவள் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

நான் வீட்டில் இருந்த அந்த வாரத்தில்தான் முப்பிடாதியின் அம்மா வந்தார். பெயர் செல்லக்கனி. கம்பெனியில் ஏதோ கையெழுத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஹாஸ்டலில் மகளுடைய பெட்டியையும் எடுத்திருக்கிறார். அங்கே பெண்கள், மாரிமுத்து மூலம் கேள்விப்பட்டு, டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். விலாசம் விசாரித்து மத்தியான வெயிலில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தண்ணீர் கொடுத்தோம். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, எம்புள்ள ஒங்ககிட்ட வாராளாமே, நெசந்தானா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லு என்று உன் அம்மா கண்ணைக் காட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், தூக்கக் கோளாறு அம்மா, அது உங்கள் பெண் இல்லை என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும். தலையப் பின்னியிருந்தாளா, விரிச்சுப் போட்டிருந்தாளா?” என்றார்.

எனக்கு அது ஞாபகமே இல்லை தென்றல். முதுகு தெரியும், அதற்கு மேல் எதையும் நான் உற்றுப் பார்த்ததில்லை. பின்னியிருந்தது அம்மா என்று சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்து, “பின்னித்தான் இருந்தாளாம்” என்றார். பிறகுதான் தண்ணீரைக் குடித்தார். “எனக்கு ஒரு கனாகூட வரல அண்ணாச்சி. கண்ணு மூடவே மாட்டேங்கு. மாத்திர குடுத்தாவ, அதுக்கும் மூடல. தூங்குனாத்தான அவ வருவா” என்றார். அழவில்லை. நான் பேசுகிற மாதிரியேதான் அவரும் பேசினார், மரக்கட்டை பேசுவது போல. அப்போதுதான், என்னைப் பார்த்து உன் அம்மா ஏன் பயந்தாள் என்று எனக்குப் புரிந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லி ரசம் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து தரையில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். அவர் தம்பி கும்பிட்டுக்கொண்டு என்னிடம் வந்து, “எழுப்பிராதீங்க அண்ணாச்சி, ஆடியிலேருந்து அக்கா இப்பத்தான் தூங்குதா” என்றார். அம்மா டிவியை நிறுத்தினாள், குக்கரை அணைத்தாள், தலையணை வைக்கப் போய் எழுப்பிவிடுவோமோ என்று வைக்காமலே வந்துவிட்டாள். அறிவுமதி வந்தபோது வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். நான் நிலைப்படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவர் முகம் மாறியது. இமை பாதி திறந்திருக்கிறது, விழி கால்மாட்டுப் பக்கம் போகிறது, உதடு எதையோ சொல்லப் பார்க்கிறது, தொண்டையில் ஒரு முனகல் மட்டும் வருகிறது. கை விரல் தரையில் லேசாகத் துடிக்கிறது. எனக்கு அது என்னவென்று தெரியும். தொட்டால் போதும், விட்டுவிடும், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். “இன்னாய்யா பார்த்துகினு கீற, எழுப்பு” என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் கையை நீட்டினேன். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் போன கையை எடுத்துக்கொண்டேன். வேண்டாம், விடு என்று அம்மாவிடம் சைகை காட்டினேன். அந்த நெஞ்சுப் பாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் விட்டேன். பாவமா புண்ணியமா தெரியாது. அவர் தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்று மூச்சு சீரானது, விளக்கு வைக்கும் வரை அசையாமல் தூங்கினார்.

எழுந்து முகம் கழுவிக் காபி குடித்தார். என்ன பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திருநெல்வேலிக்குப் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று மட்டும் கேட்டார். தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட நானே கூடப் போனேன். ஏறும்போது என் கையைப் பிடித்து, “நல்லாத் தூங்குனேன் அண்ணாச்சி” என்றார். பஸ் போன பிறகு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துக்கமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது எனக்கு ஷெட்டிலேயே வேலை, வண்டிகள் வந்தால் டயர், பிரேக் எல்லாம் பார்த்துவிட வேண்டும், பகல் வேலைதான். அந்தப் பெண் என்னிடம் வருவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. இப்போது வந்தால் தலையைத்தான் பார்க்க முயற்சி செய்கிறேன், அதற்குள் போய்விடுகிறாள். உனக்கு நான் சொல்வது இதுதான். மல்லாந்து படுக்காதே. படுக்கும் முன் காபி குடிக்காதே. மறுபடியும் அப்படி வந்தால் எழுந்து உட்காரப் போராடாதே, கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பார், மற்றது தானாக விடும். தொடர்ந்து வந்தால் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து நைட் டியூட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேள், வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்காதே. அம்மாவிடம் சிரித்துக்கொண்டு சொல், பரவாயில்லை, என்னிடம் சிரிக்காமலே சொல்லலாம். ஜன்னல் பக்கம் நின்றது யார், ஆணா பெண்ணா, தெரிந்த ஆளா என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன், இதற்குப் பதில் எழுது, இல்லையென்றால் நான் தனியாக இருக்கும்போது கூப்பிடு.

எண்ணெய் தேய்த்துத் தலை குளிக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பாஸ்போர்ட் தேதியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள். நம் குலதெய்வம் உன் தலைமாட்டில் இருந்து காக்கட்டும், நோயில்லாமல், நல்ல தூக்கத்தோடு நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் தாயே. உனக்கு அங்கே எந்த நேரமானாலும், எனக்கு இங்கே எந்த நேரமானாலும் கூப்பிடு. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
கோதண்டம்