நீ வந்து சேர்வதற்குள்

தாராவி, மும்பை
ஆடி அமாவாசை கழிந்த ஞாயிறு

அன்பு மகள் பொன்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஆதித்யனும் நலமாக இருக்க வேண்டும். எல்லாரும் இந்த இடத்தில் ‘இறைவன் அருளால்’ என்று சேர்ப்பார்கள், நான் ஆயுசு முழுக்க அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் எழுதியிருக்கிறேன், இன்றைக்குப் பேனா அங்கே கொஞ்சம் நின்றுவிட்டது. போன் இருக்க இது என்ன லெட்டர் என்று நினைப்பாய். போனில் நீ ‘சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா’ என்கிறாய், நான் ‘ஆச்சும்மா’ என்கிறேன், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோகிறது. நீ வந்து முகம் பார்ப்பதற்குள் உன் அம்மா உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேனே, அதைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லை. தமிழ் எழுத்து மறந்திருந்தாலும் மெதுவாகக் கூட்டி நீயே படி, ஆதித்யனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

மழை இந்த வருஷம் கொட்டித் தீர்க்கிறது. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி டிரெயின் நின்று, கீதா சித்தி டோம்பிவிலிக்குத் திரும்ப முடியாமல் ஒரு நாள் இங்கேயே தங்கினாள். சமையலறையைப் பார்த்துவிட்டு என்னை நன்றாக ஏசினாள், பருப்பு டப்பாவில் எல்லாம் வண்டாம். நீ கிளம்பிப் போன பிறகு பதினாறாம் நாளைக்கு அவள் தன் வீட்டில் அக்கா போட்டோவுக்கு மாலை போட்டுப் படைத்தாள். ‘அத்தான், நீங்க கும்பிட வேண்டாம், வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க, போதும்’ என்று கெஞ்சினாள். நான் போகவில்லை, கொள்கை என்று சொன்னேன். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது செல்வி, அங்கே எல்லாரும் சேர்ந்து அழுவார்கள், நான் எந்த மூலையில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அன்றைக்கு முழுவதும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். செத்துப்போனவளுக்காகச் செய்ய அவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை இருந்தது, ஒருத்தி தேங்காய் உடைத்தாள், ஒருத்தி சோறு வடித்தாள், கட்டிய புருஷன் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

உடம்பைக் கொடுப்பது அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவசரம் மட்டும் என்னுடையது. நீ வருகிற வழியில் அபுதாபி ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணி, ‘ஒரு நாள் ஐஸ் பெட்டியில வைங்கப்பா, காலைல வந்துருவேன்’ என்று அழுதாய். மறுநாள் கொடுத்திருந்தாலும் கல்லூரிக்காரர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அது உனக்கும் தெரியும். நான்தான், செத்தவளுக்கு யார் வந்தது யார் வராததுன்னு தெரியவா போகுது என்று கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தி திருநீறு கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஒப்பாரியை எடுத்துவிட்டாள், விடியும்வரை வைத்திருந்தால் சங்கும் நெய்ப்பந்தமும் வந்து சேர்ந்துவிடும், என்னால் தடுக்க முடியாது, ‘ஒர்க்‌ஷாப் யூனியன்ல வாய் கிழியப் பேசுன வானமாமலையும் வழிக்கு வந்துட்டான் பாத்தியா’ என்று ஊரே சிரிக்கும் என்று பயந்தேன். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவளை அவசர அவசரமாக வண்டியில் ஏற்றினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது இப்போதும் உண்மைதான். ஆனால் உனக்குத் தெரியுமே, ஏர்போர்ட்டில் தனியாக உட்கார்ந்து அழுகிற பிள்ளைக்குத் தெரியுமே, அது இந்த மண்டையில் ஏறவில்லை. சாமி கும்பிடாத வீடு என்று சொல்லி உன்னை வளர்த்தேன், விமானத்தில் அத்தனை மணி நேரம் முணுமுணுக்க உனக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் பண்ணினேன், கடைசியில் அம்மா முகத்தையும் இல்லாமல் பண்ணிவிட்டேன்.

நீ வந்து பையைத் திறந்து அந்தக் கால் கிரீமை எடுத்து ஷெல்ஃபில் வைத்தாய். வருஷா வருஷம் வரும்போது அவள் வெடித்த குதிகாலை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவாயே, அதற்கு வாங்கி வைத்திருந்தது. ‘கடைசியா ஒரு தடவ கால மட்டுமாவது புடிச்சிருப்பேன்ப்பா’ என்று ஒரே ஒரு முறை சொன்னாய். அப்புறம் ஊருக்குக் கிளம்பும்வரை ஒரு வார்த்தை இல்லை. அந்த ட்யூப் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டு மாசானத்தின் சம்சாரம் போன வருஷம் இறந்தாள் அல்லவா, ஆடி அமாவாசைக்கு அவளுக்குத் தர்ப்பணம் கொடுக்க தாதர் கடற்கரைக்குப் போகணும், முழங்கால் முடியலை, கூட வாலே என்று என்னைக் கூப்பிட்டான். கைத்தாங்கலுக்குத்தானே என்று போனேன். அவன் சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். ஐயர் பெயர் கேட்டார், அவன் சம்சாரம் பெயரைச் சத்தமாகச் சொன்னான், எள்ளும் தண்ணீரும் விட்டான், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘வாலே, காக்காவுக்குச் சோறு வைக்கணும், பசிக்குது’ என்றான். அழுது முடித்துவிட்டான் செல்வி. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்குள் ஐயர் என்னைப் பார்த்து, ‘உங்களுக்கு யாருக்காச்சும் குடுக்கணுமா?’ என்றார். ‘எனக்கு யாருமில்ல சாமி’ என்று வாயில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவளை ஒரு வார்த்தையில் யாருமில்லை என்றுவிட்டேன். டாக்ஸியில் மாசானம் ஏதோ பேசிக்கொண்டே வந்தான், என் காதில் ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்தால் காக்கா வரவில்லை, அவன் மொட்டை மாடியில் நின்று காக்காயைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், உன் அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வயதான காலத்தில் அப்பாவுக்குச் சாமி வந்துவிட்டதோ என்று பயப்படாதே, வரவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அதில் இப்படி ஒரு கஷ்டம் உண்டு என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாசானம் சம்சாரத்தை அடித்தே இருக்கிறான், திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு வந்தான், மனசு லேசாயிட்டுலே என்கிறான். நான் எங்கே போய் மொட்டை போட, அதற்குத் தலையில் முடியும் இல்லை. என்னை மன்னிக்கவும் மேலே யாரும் இல்லை, தண்டிக்கவும் யாரும் இல்லை. எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

குளிர் வருமுன் ஹீட்டரைப் பார்த்து வைத்துக்கொள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, என் மேல் உள்ள கோபத்தில் ஆதித்யனிடம் முகத்தைக் காட்டாதே, அவன் என்ன செய்வான். இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று, எந்தச் சாமி பெயரும் சேர்க்காமல், நானே ஆசீர்வதிக்கிறேன். அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது சாப்பிட்டீங்களா என்று கேட்காதே. சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குத் திட்டாமல் விட்டுவிட்டுப் போனாயே, அதைத் திட்டிவிடு. போனைப் பாதியில் வைக்க மாட்டேன், முழுவதும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வானமாமலை